வயல் விதைக்கிறது நான், பசளைக் காசு போறது வேற ஆளின்ர வங்கிப் புத்தகத்துக்கு

மட்டுவில்_கமம்:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல் தரம் எழுதிறன், பிழை இருந்தா குறை நினையாதேங்கோ.

நான் யாழ்ப்பாணம் தென்மராட்சிப் பக்கம். காலபோகம், அதுதான் மாரிமழை நெல்லு, மட்டும்தான் செய்யிறனான், எங்கட வயல் வானம் பாத்த வயல், புரட்டாசியில புழுதி விதைப்பு, பிறகு ஐப்பசி மழை ஏமாத்தாமல் வரவேணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு இருக்கிறது. ரெண்டு துண்டு செய்யிறன். ஒண்டு அம்மான்ர சீதனக் காணி, 24 பரப்பு, இப்ப என்ர பேரில. மற்றது 36 பரப்பு, கனடாவில இருக்கிற ஒரு அண்ணையின்ர. ஏழு வருசமா அதைக் குத்தகைக்குச் செய்யிறன், போகம் முடிய நெல்லாக் குடுக்கிறது, எழுத்து ஒண்டும் இல்ல, வாய்ப்பேச்சுத்தான்.

2024/25 காலபோகத்துக்கு நெல்லுக்குப் பசளை மானியமா ஹெக்டேயருக்கு 25,000 ரூபா எண்டு அரசாங்கம் அறிவிச்சது தானே. எனக்கு ரெண்டு தரமா வந்தது, 6,075 ஒருக்கா, 4,050 ஒருக்கா, கூட்டினா 10,125. நான் 16 பரப்பு ஒரு ஏக்கர் எண்டு கணக்குப் பாத்தா என்ர 24 பரப்பு ஒண்டரை ஏக்கர், அப்ப 15,000க்கு மேல வரவேணும். மிச்சம் எங்க போச்சு? இது முதலாவது கேள்வி.

ரெண்டாவதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அந்த 36 பரப்புக்கு எனக்கு ஒரு சதமும் வரேல்ல. விசாரிச்சா, காணிக்காரரின்ர மச்சான் ஒருத்தர் இஞ்ச இருக்கிறார், காணியைப் பாக்கிற ஆள், அவற்ற பேரிலதான் பதிவு இருக்காம், காசு அவற்ற புத்தகத்துக்குப் போயிருக்கு. அந்த மனுசன் ஏழு வருசத்தில ஒருநாளும் வரம்பில கால் வைக்கேல்ல. உழவுக் கூலி நான், விதை நெல்லு நான், களைக்கு மருந்தடிச்சது நான், கார்த்திகை வெள்ளத்தில இடுப்பளவு தண்ணியில நிண்டு வரம்பு வெட்டிவிட்டது நான். நேர கேட்டன். "தம்பி அது காணிக்கு வாற காசு, செய்யிற ஆளுக்கு வாற காசில்லை" எண்டார். கோவமா இல்ல, சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர், அதுதான் எனக்கு இன்னும் ஆத்தலா இல்ல.

உண்மையிலயே அப்பிடியோ? காணிக்கோ, செய்யிறவனுக்கோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


வரணிப்_பொடியன்:

அண்ணை வரவேற்கிறம். உது உங்கட ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல, எங்கட பக்கம் மூண்டு நாலு பேர் இருக்கினம், வயல் எந்தத் திசையில இருக்கெண்டே தெரியாது ஆனா மெசேச் வந்த உடன பாங்குக்கு முதல் ஆளா நிப்பினம். எங்கட சித்தப்பா ஒருக்கா பகிடியாச் சொன்னவர், 2021இல தான் நாட்டில சமத்துவம் இருந்தது, வெளிநாட்டு இரசாயனப் பசளையையே நிப்பாட்டிப் போட்டாங்கள், செய்யிறவனுக்கும் இல்ல காணிக்காரனுக்கும் இல்ல எண்டு. பேந்து ஒரு அந்தர் (50 கிலோ மூடை) யூரியா 40,000 எண்டு களவா வித்தாங்கள், பிறகு 2022இல இந்தியாக் கடன்ல வந்த யூரியா 10,000க்கு வந்த நேரம் அதுவே மலிவு எண்டு லைன்ல நிண்டு சண்டை பிடிச்சு வாங்கினம். அந்தக் காலபோகம் எங்கட வயலில நெல்லு விளைஞ்சதோ புல்லு விளைஞ்சதோ எண்டு பாத்தாத்தான் தெரியும்.

முதல் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது, எனக்கும் குறையத்தான் வந்தது, நான் பேசாமல் விட்டிட்டன்.


பழைய_கந்தோர்:

தம்பி மட்டுவில், பதட்டப்படாதேயும். நான் கமநலக் கந்தோர் (அலுவலக) வேலையிலயே தலை நரைச்ச ஆள், இப்ப பென்சன். முதல் கேள்வி சுகம்.

உமக்குக் காசு குறையேல்ல, உம்மட கணக்குத்தான் பிழை. யாழ்ப்பாணத்தில பரப்பு எண்டுறது ரெண்டு விதம். மேட்டுக்காணி, தோட்டக்காணிக்கு 16 பரப்பு ஒரு ஏக்கர். வயலுக்கு 24 பரப்புத்தான் ஒரு ஏக்கர். பழைய உறுதிகளில வரகுக் கணக்கு, நெல்லுக் கணக்கு எண்டு பிரிச்சு எழுதியிருக்கும், அந்தக் காலத்தில பரப்பை இலாச்சம் எண்டுறது, ஒரு இலாச்சம் வரகு விதைக்கிற நிலமும் ஒரு இலாச்சம் நெல்லு விதைக்கிற நிலமும் ஒரே அளவில்லை, வரகு பரந்து போகும், நெல்லு நெருங்கி விழும், அந்தக் கணக்கு. இப்பத்தைப் பிள்ளையளுக்கு வரகையே தெரியாது, பிறகு எப்பிடி உது தெரியும். உம்மட 24 பரப்பு வயல் ஒரு ஏக்கர், ஒரு ஏக்கர் 0.405 ஹெக்டேயர், அதை 25,000ஆல பெருக்கும், 10,125 வரும். சதம் பிசகாமல் வந்திருக்கு. அந்த 36 பரப்பும் ஒண்டரை ஏக்கர்தான், ரெண்டேகால் இல்ல. இன்னொண்டு, ஒருத்தருக்கு ரெண்டு ஹெக்டேயர் வரைக்கும்தான் இந்தக் காசு, அது நெல்லுப் பரப்பில பாத்தா 118 கிட்ட வரும், அதுக்கு மேல எவ்வளவு செய்தாலும் இல்ல.

இனி ரெண்டாவது. அந்த மச்சான்காரர் சொன்னது பிழை. இது பசளை வாங்கக் குடுக்கிற காசு, பசளை போடுறவனுக்குத்தான். 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கு, அதில விவசாயக் காணி இடாப்பு (பதிவேடு) எண்டு ஒண்டு வச்சிருக்க வேணும், காணி ஆருடையது எண்டு மட்டும் இல்ல, ஆர் செய்கையில இருக்கிறான் எண்டதும் அதில வரவேணும். ஆனா கந்தோர் மேசையில இருக்கிறவருக்கு உம்மட முகம் தெரியாது, கடதாசியில இருக்கிற பேர்தான் தெரியும். போன வருசப் பட்டியலை எடுத்து ரெண்டு பேர் வெட்டி ரெண்டு பேர் சேத்து இந்த வருசப் பட்டியல் எண்டு அனுப்புறது லேசு, நானும் அப்பிடிச் செய்திருக்கிறன், இப்ப ஒளிச்சு என்ன பலன்.

நீர் செய்ய வேண்டியது இதுதான். போகம் தொடங்க முதல் கமக்கார அமைப்புக் கூட்டம் நடக்கும், அதுக்குப் போம். எழும்பி நிண்டு இந்த 36 பரப்பை நான்தான் செய்யிறன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லும், கூட்டக் குறிப்பில எழுதுவியும். பக்கத்து வயல்காரர் ரெண்டு பேர் ஓம் எண்டு சொன்னாக் காணும். ஏக்கர் வரி ஆர் கட்டுறது? நீர் கட்டினா பற்றுச்சீட்டை வச்சிரும், மச்சான்காரர் கட்டுறார் எண்டா இனி நீர் கட்டும். காணிக்காரரிட்ட இருந்து ஒரு கடிதம், இன்ன காணியை இன்னார் குத்தகைக்குச் செய்யிறார் எண்டு, வாங்கேலுமெண்டா வேலை இன்னும் சுகம். விதைச்சாப் பிறகு உத்தியோகத்தர் வயல் பாக்க வருவார், அண்டைக்கு வயலில நில்லும். ஆர் நிக்கிறானோ அவன்தான் அவற்ற கண்ணில கமக்காரன்.

வங்கிக் கணக்கையும் ஒருக்காப் பாரும். அடையாள அட்டையில ஒரு முதலெழுத்து, புத்தகத்தில ரெண்டு முதலெழுத்து எண்டு காசு திரும்பிப்போன ஆக்கள் எத்தினை பேர்.

இன்னொரு விசயமும் எழுதவேணும், ஏனெண்டா இதை ஒருத்தரும் கதைக்கிறேல்ல. இந்த மானியம் 1962இல தொடங்கினது. 2005இல இருந்து நெல்லுக்கு ஒரு அந்தர் 350 ரூபா. 2016இல பசளை மூடையை நிப்பாட்டிக் காசாக் குடுத்தவை. பிறகு திரும்ப மூடை, 500 ரூபா. 2020இல நெல்லுக்கு இலவசம். அதுக்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், இப்ப திரும்பக் காசு. மூடையாக் குடுத்த காலத்தில உம்மட மாதிரிச் சண்டை என்ர மேசைக்குக் குறைவாத்தான் வந்தது. ஏனெண்டு யோசிச்சுப் பாரும், ரொறன்ரோவில இருக்கிறவருக்கு யூரியா எதுக்கு? மச்சான்காரருக்கும் எதுக்கு? லான்ட்மாஸ்டர் உழவு மெசினில பெட்டி பூட்டிக்கொண்டு வந்து நிக்கிறவன் செய்யிறவன்தான், அவனே ஏத்திக்கொண்டு போவான். காசா மாறின உடனதான் காணி உறுதியைத் தட்டி எடுக்கத் தொடங்கினவை.


ஸ்காபரோ_குளிர்:

நான் எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சனான். தம்பி சொல்லுற அந்த அண்ணை நான் இல்ல, ஆனா நானும் அப்பிடி ஒரு அண்ணைதான், எனக்கும் கைதடிப் பக்கம் வயல் இருக்கு, வேற ஆள்தான் செய்யிறார்.

காசு செய்யிறவருக்குத்தான் போகவேணும், அதில எனக்கு வாதம் இல்ல, வருசத்துக்கு 15,000 ரூபா எங்களுக்கு ரெண்டு நேரச் சாப்பாட்டுக் காசு, அதுக்காக ஆரும் இஞ்ச காத்திருக்கிறேல்ல. பிரச்சினை கடிதம். கந்தோர் ஐயா சுகமா எழுதிப்போட்டார் கடிதம் வாங்கும் எண்டு. அந்தக் கடிதத்தில நான் கையெழுத்து வச்சா நாளைக்கு அவர் பதிவு பெற்ற குத்தகைக்காரர், நான் போய் காணியைத் தா எண்டா எழும்பமாட்டார், கேஸ் போட்டா என்ர ஆயுசுக்குள்ள முடியாது. எங்கட அப்பு, குத்தகைக்காரரைப் பாதுகாக்கிற 1958 நெற்காணிச் சட்டம் வந்த நேரம் ஆறு பரப்பு அப்பிடிப் போனதெண்டு சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர், உண்மை பொய் எனக்குத் தெரியாது, ஆனா அந்தப் பயம் எங்களுக்குப் பாலோட ஊட்டினது. அதாலதான் எல்லாரும் ஒரு மச்சானின்ர பேரிலயோ பெறாமகனின்ர பேரிலயோ போட்டு வைக்கிறம். கள்ளத்துக்கு இல்ல.

அற்றோணி (எங்களுக்குப் பதிலாக் கையெழுத்து வைக்கிற அதிகாரம்) வாங்கின ஆக்களே காணியை வித்த கதையளும் இருக்கு. ஆரை நம்புறது.


வரணிப்_பொடியன்:

ஸ்காபரோ அண்ணை, பயம் உங்களுக்கு, நட்டம் அவருக்கோ? ஏழு வருசமா ஒருத்தன் வரம்பு கட்டி, காணி காடு பத்தாமல் வச்சிருக்கிறான், இல்லாட்டி உங்கட வயலில இப்ப நாயுருவியும் உடைமுள்ளும்தான் நிக்கும், ஒருக்கா வந்து பாருங்கோ எங்கட பக்கம் செய்யாமல் விட்ட வயலை எல்லாம். கடிதம் குடுக்கப் பயம் எண்டா காசை எண்டாலும் குடுக்கச் சொல்லி மச்சானுக்கு ஒரு வட்ஸ்அப் போட ஏலாதோ, அதுக்கு நொத்தாரிசு தேவையில்ல தானே.


ஸ்காபரோ_குளிர்:

அது நியாயம். நான் என்ர ஆளுக்கு குத்தகை நெல்லில கழிக்கச் சொல்லியிருக்கிறன், இந்தமுறை ரெண்டு மூடை குறைச்சுத்தான் தந்தவர்.


ஏழாலை_அக்கா:

நீங்கள் எல்லாரும் பத்தாயிரம் பதினையாயிரத்துக்கு அடிபடுறதை வாசிக்க எனக்குச் சிரிப்பும் வருது வயிறும் எரியுது. நாங்கள் செம்மண் தோட்டக்காரர். இந்த 25,000 நெல்லுக்கு. வெங்காயம் நட்டவளுக்கு அந்தக் காசில ஒரு சதம் இல்ல. ஒரு பரப்பு வெங்காயத்துக்குப் போடுற பசளையும் மருந்தும் ஒரு பரப்பு நெல்லுக்குப் போடுறதோட ஒப்பிடேலுமோ? நெல்லுக்கு மழை இறைக்கும், எங்களுக்கு ஆர் இறைக்கிறது, கிணத்தில மண்ணெண்ணெய் இறைப்பு மெசினை வச்சு மூண்டு நாளைக்கு ஒருக்கா நாங்கள்தான் இறைக்கவேணும். 2022 ஆவணியில ஒரே இரவில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து 340 ஆக்கினாங்கள், அண்டைக்கு என்ர மனுசன் மெசினைப் பாத்துக்கொண்டு திண்ணையில இருந்த இருப்பு எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ஒரு வசனம் கதைக்கேல்ல, பின்னேரம் எழும்பிப் போய் பாதி வெங்காயத்துக்கு மட்டும் இறைச்சுப்போட்டு வந்தவர். மற்றப் பாதி பிஞ்சாக் கிண்டினது.

காப்புறுதி எண்டு சொல்லுறாங்கள். 2024/25 காலபோகத்தில காசு கட்டாமல் ஆறு பயிருக்கு இருந்தது, ஏக்கருக்கு 40,000 வரைக்கும். நெல், சோளம், சோயா, மிளகாய், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம். வடிவா வாசியுங்கோ, பெரிய வெங்காயம். யாழ்ப்பாணத்தில நாங்கள் காலங்காலமா நடுறது சின்ன வெங்காயம். வெள்ளம் வந்து அழுகினா அழுகினதுதான், அதுவும் வெங்காயம் எண்டு ஆரிட்டப் போய் வழக்காடுறது. கிழங்கு நட்ட ஆக்கள் கொஞ்சம் பரவாயில்ல.

எங்கட அப்பா சொல்லுவார், பிரதமர் சிறிமா காலத்தில, 70இல இருந்து 77 வரைக்கும், எங்களுக்கு ஒருத்தரும் காசு தரேல்ல, மானியம் எண்டு கையில ஒண்டும் தந்ததா அவருக்கு ஞாபகம் இல்ல, ஆனா வெளியால இருந்து வெங்காயம் மிளகாய் கிழங்கு வாறதைக் கட்டுப்படுத்தி வச்சிருந்தவை, அது ஒண்டு காணும், தோட்டக்காரர் கல்வீடு கட்டினது அந்த ஏழு வருசத்திலதான். 77இல ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டார், முடிஞ்சுது. இப்பவும் எங்கட வெங்காயம் சந்தைக்கு வாற நேரம் பாத்துத்தான் இறக்குமதி வெங்காயமும் கப்பலால இறங்குது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில போய் நிண்டு பாத்தாத் தெரியும், விடிய ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை, வெயில் ஏற ஏற தோட்டக்காரன்ர குரல் இறங்கும். எனக்குக் காசு தரவேண்டாம், அந்த ஒரு மாசத்துக்கு வரியைக் கூட்டினாக் காணும்.

பழைய கந்தோர் ஐயா, நீங்கள் ஒண்டை எழுதாமல் விட்டிட்டியள். 350 ரூபா யூரியா காலத்தில வயல் பேரில வந்த மூடையில கொஞ்சம் தோட்டத்துக்கும் நடந்து வந்தது தானே. நாங்களும் வாங்கினனாங்கள், பொய் சொல்லேலாது.


பழைய_கந்தோர்:

தங்கச்சி, அதை நான் எழுதாமல் விட்டது மறந்து இல்ல.


மட்டுவில்_கமம்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒரு கிழமை கழிச்சு எழுதிறன், நடந்ததைச் சொல்லவேணும் எண்டு.

முதலாவது, அம்மாவின்ர உறுதியை எடுத்துப் பாத்தன். கந்தோர் ஐயா சொன்ன மாதிரியே நெல்லுக் கணக்கு எண்டு எழுதியிருக்கு, நாப்பது வயசு வரைக்கும் அதை நான் ஒருநாளும் விரிச்சு வாசிக்கேல்ல. ஒண்டரை ஏக்கர் எண்டு சொல்லிச் சொல்லியே ஊரில உழவுக்கு ஒண்டரை ஏக்கர்க் காசு குடுத்திருக்கிறன், அதை நினைக்கத்தான் கூட எரியுது, மானியம் எல்லாம் பிறகு. உழவுக்காரனிட்ட இதைச் சொல்ல அவன் "ஓம் அண்ணை எனக்குத் தெரியும்" எண்டான்.

ரெண்டாவது, காணிக்காரருக்கு வொய்ஸ் போட்டன். நாலு நாள் பதில் இல்ல, ரெண்டு நீலக் கோடும் விழுந்திட்டு, ஆனா பதில் இல்ல. அஞ்சாம் நாள் இரவு அவரே எடுத்தார். பாவம் அவருக்கு இப்பிடி ஒரு காசு வாறதே தெரியாது. மச்சான் சொல்லவே இல்லையாம். அவர் கோவப்பட்டு நான் இப்பவே அவனோட கதைக்கிறன் எண்டு வெளிக்கிட, நான்தான் வேண்டாம் அண்ணை சொந்தத்துக்குள்ள வில்லங்கம் எண்டு மறிச்சன். கடிதம் கேட்டன், ஸ்காபரோ அண்ணை எழுதின அதே கதைதான், இழுத்தார். கடைசியா ஒரு வருசத்துக்கு மட்டும் எண்டு போட்டுத் தாறன், ஒவ்வொரு வருசமும் புதுசா எழுதுவம் எண்டார். அது சட்டப்படி செல்லுமோ தெரியாது, கூட்டத்தில காட்டிப் பாக்கிறன்.

மச்சான்காரர் முந்தநாள் சைக்கிள்ல வந்தார். ஏதோ கேள்விப்பட்டிருக்கிறார் போல. படலையடியில நிண்டுகொண்டே 7,500 ரூபா நீட்டினார், பாதி எண்டு. வாங்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் நிக்க, மனுசி உள்ளுக்க இருந்து வந்து வாங்கிப்போட்டா. வாங்கின கையோட "அப்ப மற்றப் பாதி எப்ப அண்ணை" எண்டும் கேட்டா. அந்த மனுசன் தேத்தண்ணியும் குடியாமல் போட்டார்.


பழைய_கந்தோர்:

பாதிக் காசு வாங்கினது பரவாயில்ல, ஆனா அதோட விட்டிடாதேயும். பட்டியலில பேர் மாறாட்டி வாற காலபோகமும் படலையடியிலதான் நிக்கவேணும். ஆவணி முடிய முதல் கடிதத்தின்ர ஒறிஜினலோட கூட்டத்துக்குப் போம், போட்டோக்கொப்பி ரெண்டு எடுத்து வச்சிரும். மனுசியையும் கூட்டிக்கொண்டு போம், உம்மை விட அவ நல்லாக் கதைப்பா போல கிடக்கு.


மட்டுவில்_கமம்:

ஓம் ஐயா, போறம். ஏழாலை அக்கா, மனுசி வீட்டுக்குப் பின்னால நாலு பரப்பில வெங்காயம் வைக்கப்போறாவாம், நான் வேண்டாம் எண்டு சொல்லியும் கேக்கிறா இல்ல. விதை வெங்காயம் உங்கட பக்கம் இப்ப அந்தர் என்ன விலை போகுது?


ஏழாலை_அக்கா:

இப்ப வாங்காதேங்கோ, விலை உச்சியில நிக்குது. எங்கட கொட்டிலில பிடி கட்டித் தூக்கின விதை கொஞ்சம் கிடக்கு, இன்பொக்ஸ்ல வாங்கோ. நாலு பரப்பு எண்டீங்கள், அது எந்தப் பரப்பு எண்டதையும் சொல்லுங்கோ.